பள்ளி முட்டை பற்றிய மடாதிபதி பேச்சு: எது குற்றம், எது கருத்து, எஸ்.டி.எம்.சி. கூட்டத்தில் என்ன சொல்வது?

கேள்வி: அல்சூர் ஏரிக்கரை

ஒரு மடாதிபதி மேடையில் பேசிய 47 விநாடி வீடியோ இரண்டு நாளாக நம் பெங்களூர்த் தமிழ்க் குழுக்கள் எல்லாவற்றிலும் சுற்றுகிறது. மடத்தின் பெயரை இங்கே இழுக்க வேண்டாம், பேச்சுதான் விஷயம். பேசுவது கன்னடத்தில், கீழே தமிழ் எழுத்து ஓடுகிறது. அதன்படி பார்த்தால் மூன்று செய்திகள்:

மதிய உணவில் முட்டை கொடுப்பதை நிறுத்தாவிட்டால் அரசுப் பள்ளியிலிருந்து பிள்ளைகளுக்கு டி.சி. வாங்குங்கள். முட்டை போடும் அரசுக்குத் தேர்தலில் பாடம் புகட்டுங்கள். முட்டை தின்கிற பிள்ளைகளோடு நம் பிள்ளைகளைப் பந்தியில் உட்கார வைக்காதீர்கள்.

குழுவில் ஒரு பாதி "போலீசில் புகார் கொடுக்க வேண்டும்" என்கிறது, மறு பாதி "சாமி சொன்னதில் என்ன தப்பு" என்கிறது. அதற்கு நடுவே பள்ளியின் எஸ்.டி.எம்.சி. (பள்ளி மேம்பாட்டு, கண்காணிப்புக் குழு) கூட்டம் வருகிற சனிக்கிழமை. முட்டை சாப்பிடுகிறவர்களுக்குத் தனி வரிசை போடலாம் என்று ஒரு உறுப்பினர் தீர்மானம் கொண்டுவரப் போகிறாராம்.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்த மூன்றில் எதற்காவது சட்டத்தில் இடம் இருக்கிறதா? புகார் என்றால் எங்கே? கூட்டத்தில் தனி வரிசைக்கு என்ன பதில்? வீடியோ போட்டதற்காகக் குழு அட்மின் மாட்டுவாரா?

---

பதில் 1: காக்ஸ்டவுன் வாசகர்

சட்டத்துக்குப் போகும் முன் அந்தத் தமிழ் எழுத்தை நம்பாதீர்கள். கன்னடப் பேச்சுக்குத் தானாக ஓடும் தமிழ் வரிகளில் சில சொற்கள் ஒவ்வொரு முறையும் சறுக்கும்.

"மத" என்பது கன்னடத்தில் ஓட்டு. "மததான" என்றால் வாக்களிப்பு. நம் காதுக்கு அது மதம். "நிம்ம மத கொடபேடி" என்றால் "உங்கள் ஓட்டைப் போடாதீர்கள்". அது "உங்கள் மதத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்" என்று தமிழில் ஓடியதென்றால் பேச்சின் பொருளே வேறாகிவிடும். மதம் என்ற பொருளிலும் அதே சொல் அங்கே உண்டு ("மதாந்தர" என்றால் மதமாற்றம்). அதனால் முன்பின் வாக்கியம் இல்லாமல் முடிவு கட்ட முடியாது.

அடுத்தது "சிக்ஷண", "சிக்ஷெ". முதலாவது கல்வி, இரண்டாவது தண்டனை. மேடை ஒலிபெருக்கியில் கடைசி எழுத்து தேய்ந்துவிடும். "சர்க்காரக்கெ சிக்ஷெ" என்பது அரசுக்குத் தண்டனை. "சர்க்காரத சிக்ஷண" என்பது அரசுக் கல்வி. "தர்ம" என்றால் நமக்கு முதலில் பிச்சையிடுவது நினைவுக்கு வரும். அங்கே பெரும்பாலும் சமயம், நெறி. "பங்க்தி" மட்டும் தொல்லை தராது, நம் பந்திதான்.

செய்ய வேண்டியது இவ்வளவே. முழுப் பேச்சைத் தேடுங்கள். மட விழாக்கள் பெரும்பாலும் யூடியூபில் நேரலையாகப் போகும், ஒன்றரை மணி நேரமாவது ஓடும். 47 விநாடித் துண்டுக்கு முன்னால் ஐந்து நிமிடம், பின்னால் ஐந்து நிமிடம் கேளுங்கள். கன்னடம் வாசிக்கத் தெரிந்த இருவர் தனித்தனியாகக் கேட்டு எழுதட்டும். சேர்ந்து உட்கார்ந்து எழுதினால் ஒருவர் கேட்டதையே மற்றவரும் கேட்பார். இரண்டும் ஒத்துப்போகிற வரிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாக்கியத்தின் நடுவில் படம் சற்றே குதித்தால், அல்லது கைதட்டல் பாதியில் அறுந்தால், அங்கே வெட்டியிருக்கிறார்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த கோப்பைச் சான்றாக நினைக்க வேண்டாம். அதில் ஏற்றும்போதே வீடியோ சுருக்கப்படுகிறது, கோப்பின் ஹாஷ் எண் (கைரேகை போல ஒரு கோப்பை அடையாளம் காட்டும் எண்) மாறிவிடும். மூலப் பதிவின் இணைப்பு, சேனல் பெயர், பார்த்த தேதி, நேரம், எந்த நிமிடத்தில் அந்த வரி: இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். நீதிமன்றம் வரை போனால் பாரதிய சாட்சிய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் தேவைப்படும். அதில் அ பகுதியைக் கோப்பை வைத்திருப்பவரும் ஆ பகுதியை ஒரு நிபுணரும் நிரப்ப வேண்டும். ஹாஷ் எண்ணையும் எழுத வேண்டும். காவல் நிலையத்தில் மனு கொடுக்க அது தேவையில்லை. ஆனால் மூலக்கோப்பை அழித்துவிட்டால் பிறகு சான்றிதழ் கொடுக்க எதுவும் மிஞ்சாது.

---

பதில் 2: சிவாஜிநகர் மனு எழுதுபவர்

ஏரிக்கரை சார், நீங்களே மூன்றாகப் பிரித்துவிட்டீர்கள், பாதி வேலை முடிந்தது. பெரும்பாலும் நடப்பது என்னவென்றால் எல்லாவற்றையும் ஒரே மனுவில் அடைத்து "மத உணர்வு புண்பட்டது" என்று எழுதிக் காவல் நிலையத்தில் நீட்டுவார்கள். அது அங்கேயே செத்துப்போகும். மூன்றுக்கும் கதவு வெவ்வேறு.

டி.சி. வாங்குங்கள் என்பது கருத்து. குற்றமில்லை. கல்வி உரிமைச் சட்டம் (2009) 5ஆம் பிரிவில் பள்ளி மாறுவது பிள்ளையின் உரிமை. கேட்டால் தலைமையாசிரியர் உடனே டி.சி. கொடுத்தாக வேண்டும். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: பெற்றோர் கேட்காமல் யாரோ மொத்தமாக விண்ணப்பம் எழுதிக் கொண்டுவந்தால் வாங்கக் கூடாது.

தேர்தலில் பாடம் என்பது எப்போது, எங்கே, எப்படிப் பேசினார் என்பதைப் பொறுத்தது. தேர்தல் அறிவிப்பு இல்லாத நாளில், பொது மேடையில், "இந்த அரசு வேண்டாம்" என்று ஒரு மடாதிபதி சொன்னால் அது பேச்சுரிமை. ஜூன் 2024இல் பெங்களூரில் கெம்பேகவுடர் பிறந்தநாள் விழாவில், அப்போதைய முதல்வர் சித்தராமையா மேடையில் இருக்கும்போதே, துணை முதல்வராக இருந்த டி.கே. சிவகுமாருக்கு நாற்காலியை விட்டுக்கொடுங்கள் என்று விசுவ ஒக்கலிகர் மகாசமஸ்தான மடத்தின் சந்திரசேகரநாத சுவாமி கேட்டார். பெரிய சலசலப்பு. அமைச்சர்கள் பதிலுக்குப் பேசினார்கள். சட்டத்தில் ஒன்றும் இல்லை, இருக்கவும் கூடாது. அதே சுவாமி அதே ஆண்டு நவம்பரில் முஸ்லிம்களுக்கு ஓட்டுரிமை இருக்கக் கூடாது என்று பேசினார். உப்பாரப்பேட்டை காவல் நிலையத்தில் பாரதிய நியாய சம்ஹிதை (புதிய தண்டனைச் சட்டம், சுருக்கமாக பா.நி.ச.) 299ஆம் பிரிவில், மத உணர்வைப் புண்படுத்தியதாக, எஃப்.ஐ.ஆர். பதிவானது, அவரும் வாய் தவறிவிட்டது என்று வருத்தம் தெரிவித்தார். ஒரே ஆள், ஒரே ஊர், ஐந்து மாத இடைவெளி. முதலாவது அரசியல் யோசனை, இரண்டாவது ஒரு சமூகத்தின் உரிமையைப் பறிக்கச் சொன்னது. வேறுபாடு காவி உடையில் இல்லை.

பேசிய இடம் மடத்து வளாகமா, மடம் நடத்திய விழாவா என்று பாருங்கள். சமய நிறுவனங்கள் (தவறான பயன்பாட்டைத் தடுத்தல்) சட்டம் 1988 என்று ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. அதன் 3ஆம் பிரிவு வழிபாட்டு நிறுவன வளாகத்தை அரசியல் நடவடிக்கைக்குப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது, 7ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. கோயில், மசூதி, தேவாலயம், மடம் எல்லாவற்றுக்கும் பொது. எழுதப்பட்ட அளவுக்குப் பயன்படுத்தப்படாத சட்டம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளி மைதானத்திலோ தெருமுனையிலோ பேசியிருந்தால் வளாகம் பற்றிய இந்தப் பிரிவு பொருந்தாது.

தேர்தல் அறிவித்த பிறகு என்றால் கதை வேறு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 123(2): ஓட்டுப் போடாவிட்டால் தெய்வக் குற்றம் வரும், சமய விலக்கு வரும் என்று நம்ப வைப்பது முறையற்ற செல்வாக்கு. இதில் பழைய தீர்ப்பு ராம் தியால் எதிர் சந்த் லால், 1959. நாம்தாரி சீக்கியர்களின் குரு ஒரு வேட்பாளருக்கு ஓட்டுப் போடச் சொல்லிக் கொடுத்த ஆணையைச் சுவரொட்டியாக ஒட்டினார்கள். வெற்றி செல்லாமல் போனது. பிரிவு 123(3) மதத்தின் பேரில் ஓட்டுக் கேட்பது. 2 ஜனவரி 2017இல் அபிராம் சிங் வழக்கில் ஏழு நீதிபதி அமர்வு, 4க்கு 3 என்ற கணக்கில், வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் தேர்தல் முறைகேடே என்றது.

ஆனால் இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழுகிறார்கள். சுவாமி தன்பாட்டுக்குப் பேசினால் வேட்பாளர் மாட்ட மாட்டார். வேட்பாளர் அல்லது அவருடைய தேர்தல் ஏஜென்ட் சம்மதித்துப் பேசினார் என்று காட்ட வேண்டும்: ஒரே மேடையில் இருந்தாரா, அவர் கட்சி அந்தப் பேச்சைத் துண்டறிக்கையாகப் போட்டதா. தேர்தல் மனுவுக்கு முடிவு வந்ததிலிருந்து 45 நாள், இடம் உயர்நீதிமன்றம், வைப்புத் தொகை 2,000 ரூபாய். 46ஆம் நாள் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். தேர்தல் ஆணையத்தின் புகார்ச் செயலியான சி-விஜிலில் போடலாமே என்பார்கள். அது தேர்தல் காலத்தில் மட்டும் வேலை செய்யும், நேரடியாக எடுக்கும் படத்தையும் 2 நிமிடத்துக்குள்ளான வீடியோவையும்தான் ஏற்கும், கைப்பேசியில் இருக்கும் பழைய கோப்பை ஏற்றவே முடியாது. மாநகராட்சித் தேர்தல் என்றால் மாநிலத் தேர்தல் ஆணையம், இந்தியத் தேர்தல் ஆணையம் அல்ல. இதிலும் தப்பான முகவரிக்கு மனு போய்க்கொண்டே இருக்கிறது.

பந்தியில் உட்கார வைக்காதீர்கள் என்பதுதான் மூன்றில் கனமானது. முட்டை தின்கிறவர்கள் என்று சொல்லும்போது எந்தச் சாதி, எந்த மதம் என்று கேட்பவர்களுக்குப் புரியும்படி சொன்னாரா என்று முழுப் பேச்சில் பாருங்கள். சொல்லியிருந்தால் பா.நி.ச. 196 (குழுக்களிடையே பகை வளர்த்தல், 3 ஆண்டு வரை, வழிபாட்டு இடத்தில் செய்தால் 5 ஆண்டு வரை). தாழ்த்தப்பட்ட பிள்ளைகளைச் சுட்டியிருந்தால் தீண்டாமையைத் தூண்டியதற்கு 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 7ஆம் பிரிவு. வெறும் "முட்டை தீட்டு" என்று மட்டும் சொன்னாரென்றால் 196 நிற்காது. குறைந்தது இரண்டு குழுக்கள் பேச்சில் இருக்க வேண்டும் என்று 1997இல் பிலால் அகமது காலூ வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மார்ச் 2025இல் இம்ரான் பிரதாப்கடி வழக்கில் இன்னொன்றையும் சொன்னது: எளிதில் புண்படுகிறவரை வைத்து அளக்காதே, திடமனம் உள்ளவரை வைத்து அள. மறுபக்கம், 2020ஆம் ஆண்டின் அமிஷ் தேவ்கன் தீர்ப்பு, மக்களிடம் செல்வாக்கு உள்ளவருக்குப் பொறுப்பும் கூடுதல் என்கிறது. மடாதிபதி அந்த வகை.

மனு கொடுக்கும் முறை: பேசிய இடத்துக்குரிய காவல் நிலையம் தெரியாவிட்டால் எங்கே வேண்டுமானாலும் கொடுக்கலாம், ஜீரோ எஃப்.ஐ.ஆர். உண்டு. 3 முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றம் என்பதால் உதவி ஆணையர் அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை வைக்கலாம் (நாகரிக் சுரக்ஷா சம்ஹிதை, அதாவது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், 173(3)). அதனால் அன்றைக்கே எஃப்.ஐ.ஆர். போடவில்லை என்று கத்த வேண்டாம். 14 நாள் கழித்தும் அசைவில்லை என்றால் துணை ஆணையருக்குத் தபாலில் மனு, அடுத்து மாஜிஸ்திரேட். புகார் வராமலேயே போலீஸ் தானாக வழக்குப் பதிய வேண்டும் என்று 28 ஏப்ரல் 2023இல் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் சொல்லியிருக்கிறது. மனுவில் அந்தத் தேதியைக் குறிப்பிடுங்கள். 1930ஐ அழைக்காதீர்கள், அது பண மோசடிக்கு.

இவ்வளவும் செய்து எஃப்.ஐ.ஆர். வந்தாலும், 196க்கும் 299க்கும் அரசின் முன் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் வழக்கை எடுக்காது (நாகரிக் சுரக்ஷா சம்ஹிதை 217ஆம் பிரிவு). அந்தக் கோப்பு எந்த அலமாரியில் எத்தனை நாள் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே மூன்றாவது வாக்கியத்தில் சாதியோ மதமோ தெளிவாக இல்லையென்றால் காவல் நிலையப் பக்கமே போகாதீர்கள் என்பதுதான் என் யோசனை. நிற்காத எஃப்.ஐ.ஆர். ரத்தாகும் நாளில் "நீதிமன்றமே சரியென்று சொல்லிவிட்டது" என்று அடுத்த 47 விநாடி வீடியோ வரும்.

அட்மின் விஷயம்: உறுப்பினர் போட்ட பதிவுக்காக மட்டும் அட்மின் குற்றவாளி ஆக மாட்டார். பம்பாய் உயர்நீதிமன்ற நாக்பூர் அமர்வு 2021இலும் கேரள உயர்நீதிமன்றம் 2022இலும் அப்படித்தான் சொல்லின. அவரே பகிர்ந்திருந்தாலோ தூண்டியிருந்தாலோ அது வேறு.

---

அல்சூர் ஏரிக்கரை

நன்றி சார். முழுப் பேச்சு கிடைத்துவிட்டது, 1 மணி 20 நிமிடம். சாதிப் பெயரோ மதப் பெயரோ எங்கும் இல்லை. "மத கொடபேடி" என்பது ஓட்டுத்தான். பேசியது கல்யாண மண்டபம், மடம் இல்லை; தேர்தல் அறிவிப்பும் இல்லை. ஆக போலீஸ் வேண்டாம். சனிக்கிழமைக் கூட்டம் மட்டும் பாக்கி.

---

பதில் 3: ஸ்ரீராம்புரம் சத்துணவு

அப்படியானால் விஷயம் பள்ளிக்கூடத்துக்குள் வந்துவிட்டது. நல்லதுதான்.

முதலில் முன்கதை, கூட்டத்தில் யாராவது "இது இப்போது வந்த வம்பு" என்பார்கள். டிசம்பர் 2021இல் வட கர்நாடகத்தின் ஏழு மாவட்டங்களில் முட்டை தொடங்கியபோதே லிங்காயத் மடாதிபதிகள் சிலர் எதிர்த்தார்கள். பள்ளிகள் மிலிட்டரி ஹோட்டல் (அசைவ உணவகம்) ஆகிவிடும் என்றார் சென்னபசவானந்த சுவாமி. கட்சிகளின் அறிக்கைகளை இன்று யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. கொப்பள மாவட்டம் கங்காவதியில் ஒரு அரசுப் பள்ளி மாணவி "எங்களுக்கு முட்டை வேண்டும், கொடுக்காவிட்டால் உங்கள் மடத்துக்கே வந்து சாப்பிடுவோம்" என்று பேசிய வீடியோதான் மாநிலம் முழுக்கப் போனது. அதற்குப் பிறகு எதிர்ப்பின் சுருதி இறங்கியது. திட்டம் நிற்கவில்லை, பிற மாவட்டங்களுக்கும் வந்தது. செப்டம்பர் 2024 முதல் அசீம் பிரேம்ஜி அறக்கட்டளையின் பணத்தோடு வாரம் ஆறு நாள். அரசு இரண்டு, அறக்கட்டளை நான்கு. அரசு மற்றும் உதவி பெறும் பள்ளிகளில் 10ஆம் வகுப்பு வரை.

முட்டை கட்டாயம் இல்லை. வேண்டாதவர்களுக்கு வாழைப்பழம். கடலை மிட்டாயும் இருந்தது, 2025இல் அதை நிறுத்திவிட்டார்கள். பழம் என்ற விருப்பம் முதல் நாளிலிருந்தே விதியில் இருக்கிறது. "திணிக்கிறார்கள்" என்ற பேச்சு எடுபடுவதற்குக் காரணம், பல பள்ளிகளில் அந்த விருப்பத்தை எழுத்தில் வாங்கவே இல்லை. யார் எதைக் கேட்டார்கள் என்ற கணக்கு இல்லாத இடத்தில் வதந்திதான் கணக்கு.

ஆகவே கூட்டத்தில் எடுத்தவுடன் தனி வரிசையைப் பற்றிப் பேசாதீர்கள். பதிவேட்டைக் கேளுங்கள். இரண்டு பத்தி: முட்டை, பழம். பெற்றோர் கையெழுத்தோடு ஒரு துண்டுச் சீட்டு, கன்னடத்திலும் தமிழிலும். உங்கள் பள்ளியில் 240 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். சீட்டுகளை எண்ணி, 180 முட்டை, 60 பழம் என்று கரும்பலகையில் எழுதிவிட்டுப் பேச்சைத் தொடங்கினால் பாதிச் சத்தம் அடங்கிவிடும். மடாதிபதி சொன்னதற்கு எதிராக யாரும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. பெற்றோரின் கையெழுத்து பேசும்.

தனி வரிசைத் தீர்மானத்துக்கு நேர்ப் பதில்: கல்வி உரிமைச் சட்டத்தின் 8, 9ஆம் பிரிவுகள் நலிந்த பிரிவுப் பிள்ளைகள் எக்காரணத்தாலும் பாகுபடுத்தப்படாமல் பார்த்துக்கொள்வதை அரசின் கடமையாக வைக்கின்றன. தீர்மானம் நிறைவேறினாலும் பி.இ.ஓ. (வட்டாரக் கல்வி அலுவலர்) அதை ஏற்க முடியாது. உதவி பெறும் பள்ளி என்றால் குழுவுக்கு ஆலோசனை உரிமை மட்டுமே. உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்ற விதியையும் அன்று எண்ணிப் பாருங்கள். பெண்கள் வராத நாளில் இப்படிப்பட்ட தீர்மானங்கள் வேகமாக நிறைவேறும்.

ஆனால் சைவக் குடும்பங்களின் சங்கடம் பொய்யில்லை, அதற்கு வழி செய்யாமல் சட்டம் மட்டும் படித்தால் பகைதான் மிஞ்சும். அவர்களுடைய புகார் பெரும்பாலும் இரண்டு: வாடை, பாத்திரம்.

வாடை வருவது முட்டையால் அல்ல, அளவுக்கு மீறி வேகவைப்பதால். பெரிய அண்டாவில் அரை மணி நேரம் கொதிக்க விடுகிறார்கள். மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் வந்து கந்தக வாடை அடிக்கிறது. கொதி வந்ததிலிருந்து 10 முதல் 12 நிமிடம் போதும். உடனே குளிர்ந்த தண்ணீரில் போட வேண்டும், வாடையும் குறையும், ஓடும் சுலபமாக உரியும். அன்றைக்கு இட்ட முட்டை உரியாது. மூன்று நான்கு நாள் ஆனது நன்றாக உரியும். வாங்கியவுடன் கழுவி அடுக்குவது தப்பு, ஓட்டின் மேலுள்ள மெல்லிய பூச்சு போய் சீக்கிரம் கெடும். வேகவைக்கும் முன்தான் கழுவ வேண்டும். தண்ணீரில் மிதப்பதை எடுத்து வீசிவிடுங்கள், விரிசல் விட்டதையும்.

பாத்திரம்: முட்டைக்குத் தனி அண்டா, தனிக் கரண்டி, தனிக் கூடை. சாம்பார் வாளியோடு ஒரே தள்ளுவண்டியில் வைக்காதீர்கள். பெங்களூரில் பல பள்ளிகளுக்குச் சோறும் சாம்பாரும் மையச் சமையலறையிலிருந்து வெங்காயம் பூண்டு கூட இல்லாமல் வருகின்றன, அதனால் சைவப் பாத்திரத்தில் கலக்கும் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் செய்வது சுலபம். எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார, சோறு சாம்பார் முடிந்த பிறகு, கடைசியில் ஒரு கையில் முட்டைக் கூடை, மறு கையில் பழக் கூடை. இரண்டும் ஒரே நேரத்தில் போக வேண்டும். பழம் பத்து நிமிடம் பிந்தினால் அந்தப் பிள்ளைக்கு அது தண்டனை.

பணம்தான் உண்மையான ஓட்டை, அதைப் பற்றி எந்த மேடையிலும் யாரும் பேசுவதில்லை. 2024இல் ஒரு முட்டைக்கு 6 ரூபாய் என்று வைத்தார்கள், வாங்கவும் எரிவாயுவுக்கும் உரிக்கவும் சேர்த்து. 180 முட்டை, ஆறு அட்டை, நாளுக்கு 1,080 ரூபாய். டிசம்பர், ஜனவரிக் குளிரில் மொத்த விலையே ஆறு ரூபாயைத் தாண்டிவிடும். அப்போது தலைமையாசிரியர் கைக்காசைப் போடுவார், அல்லது சின்ன முட்டை வாங்குவார், அல்லது வருகைப் பதிவில் கை வைப்பார். மூன்றாவது நடந்து பிடிபட்டால் அதையே அடுத்த மேடையில் "முட்டை ஊழல்" என்று பேசுவார்கள். எஸ்.டி.எம்.சி. தீர்மானம் போடுவதென்றால் இதற்குப் போடட்டும்: விலை வித்தியாசத்தைக் கேட்டு பி.இ.ஓ.வுக்கு, நகல் டி.டி.பி.ஐ.க்கு (மாவட்டக் கல்வித் துணை இயக்குநர்).

---

பதில் 4: மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸ்

சைவ வீட்டுத் தரப்பிலிருந்து ஒன்று. முட்டைக்குப் பதில் பருப்பு கூட்டிப் போடுங்கள் என்று மடங்கள் கேட்டதைக் கேலி செய்ய வேண்டாம், அதில் நியாயம் உண்டு. பழம் முட்டைக்கு ஈடே அல்ல. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம், ஒரு வாழைப்பழத்தில் 1 கிராம். முன்பு கொடுத்த கடலை மிட்டாயில்கூட, 30 கிராமில் பாதி கடலை என்றால், 4 கிராம் அளவுதான். பி.எம். போஷண் (மத்திய அரசின் மதிய உணவுத் திட்டம்) கணக்கில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 12 கிராம் புரதம், 450 கலோரி; நடுநிலையில் 20 கிராம், 700 கலோரி. பருப்பு 20 கிராம், 30 கிராம்தான் விதி. சைவப் பிள்ளைக்கு இழப்பு உண்மையாகவே இருக்கிறது. அது "தீட்டு" பேச்சில் மறைந்துபோகிறது.

இன்னொன்று, மீம் போடுகிற தம்பிகளுக்கு. கன்னட மடாதிபதியைத் தமிழில் கேலி செய்து போட்டால் நாளைக்கு அது முட்டை விவாதமாக இருக்காது, தமிழர் கன்னடர் விவாதமாக இருக்கும். இந்த ஊரில் அதற்கு இரண்டு மணி நேரம் போதும்.

---

பதில் 3: ஸ்ரீராம்புரம் சத்துணவு

கிராஸ் சார் சொன்ன புரதக் கணக்கு சரி.

சீட்டுக்கு நேர்மாறாகப் பிள்ளை கேட்கும், அதையும் கூட்டத்திலேயே முடிவு செய்யுங்கள். வீட்டில் பழம் என்று எழுதிக் கொடுத்த பிள்ளை பக்கத்து இலையைப் பார்த்து முட்டை கேட்டால் ஆசிரியை என்ன செய்வது? அன்றைக்குச் சீட்டுப்படி, மாலையில் பெற்றோருக்குத் தகவல், மாற்ற வேண்டுமென்றால் புதுச் சீட்டு, எந்த மாதமும் மாற்றலாம். இது தெளிவாக இல்லாத பள்ளியில்தான் "என் பிள்ளைக்கு ஊட்டிவிட்டார்கள்" என்ற புகார் கிளம்புகிறது.

---

பதில் 2: சிவாஜிநகர் மனு எழுதுபவர்

தீர்மானத்தைக் கன்னடத்தில் எழுதுங்கள், தமிழ் வழிப் பள்ளியாக இருந்தாலும். சில வரி போதும்: விருப்பச் சீட்டு வாங்கப்பட்டது, எண்ணிக்கை இவ்வளவு, எல்லோரும் ஒரே பந்தி, பாத்திரம் தனி, விலை வித்தியாசத்தை விடுவிக்க வேண்டும். மடாதிபதி பெயரோ அந்தப் பேச்சோ தீர்மானத்தில் வரவே கூடாது. வந்தால் அது பத்திரிகைக்குப் போகும், பி.இ.ஓ. கையெழுத்துப் போடத் தயங்குவார். தனி வரிசை கேட்ட உறுப்பினரின் மறுப்பை அவர் விரும்பினால் அப்படியே நடவடிக்கை நோட்டில் பதிந்துவிடுங்கள். பதியாமல் விட்டால் கூட்டமே செல்லாது என்று மனு போடுவார்.

---

அல்சூர் ஏரிக்கரை

சீட்டை இன்றைக்கே அச்சுக்குக் கொடுக்கிறேன், கன்னடம் மேலே, தமிழ் கீழே. கட்டம் இரண்டு. காக்ஸ்டவுன் சார், கன்னட வரிகளை ஒருமுறை பார்த்துத் தர முடியுமா? மேலே "மொட்டெ" (கன்னடத்தில் முட்டை) என்று இருக்க வேண்டியது தட்டச்சில் "மொட்டு" என்று வந்திருக்கிறது.